இடது கைப் பிள்ளைக்கு எழுதக் கற்றுக்கொடுப்பது: முழுமையான வழிகாட்டி

எழுதப் பழகும் இடது கைப் பிள்ளைகளோடு உட்கார்ந்து பார்த்தால் ஒரே காட்சி திரும்பத் திரும்ப வரும். மணிக்கட்டு கொக்கி போல வளைந்திருக்கும், தலை மேசைமேல் கவிழ்ந்திருக்கும், சுண்டுவிரல் பக்கம் முழுக்கப் பென்சில் கரி அப்பியிருக்கும். பக்கத்தில் இருக்கும் பெரியவர் "கையை நேராக வை" என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

சொல்லித் தீராது. தாள் தப்பாக இருக்கும்வரை கை நேராகாது. வலது கைக்காரர் வைப்பது போலத் தாளை வைத்துவிட்டு, அதில் இடது கையால் ஒழுங்காக எழுது என்றால் எந்தப் பிள்ளையாலும் முடியாது. ஆகவே இந்த வழிகாட்டியில் வரிசைதான் முக்கியம். முதலில் கை, அப்புறம் இடம், அப்புறம் தாள், அப்புறம் பிடி, அதற்குப் பிறகுதான் எழுத்து. நேரே ‘அ’வில் தொடங்குகிறவர்கள் ஆறு மாதம் கழித்து முதல் படிக்கே திரும்பி வருகிறார்கள்.

1. எந்தக் கை என்று முதலில் உறுதி செய்யுங்கள்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு எந்தக் கை என்பது நாலு வயதிலிருந்து ஆறு வயதுக்குள் நிலைத்துவிடும். அதற்கு முன்னால் இரண்டு கையையும் மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது இயல்பு. மூன்று வயதில் ஒருநாள் இடது கையால் கிறுக்கியதை வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

சில வாரங்களுக்குச் சும்மா கவனியுங்கள். பந்தை எந்தக் கையால் எறிகிறது, பல் துலக்கும் பிரஷ்ஷை எந்தக் கை எடுக்கிறது, பாட்டில் மூடியை எந்தக் கை திருகுகிறது, கீழே கிடக்கும் அரிசிமணியை எந்தக் கை பொறுக்குகிறது. மூடி திருகுவதும் மணி பொறுக்குவதும் நல்ல சோதனைகள். நுணுக்கமான வேலைக்குப் பிள்ளை தன்னையறியாமல் திறமையான கையையே நீட்டும்.

பலரும் தவறுவது ஓர் இடத்தில். பென்சிலைப் பிள்ளையின் வலப்பக்கம் வைத்துவிட்டு "பாருங்கள், வலது கையால்தானே எடுக்கிறான்" என்பார்கள். அருகில் இருக்கும் கை எடுக்கிறது, அவ்வளவுதான். எந்தப் பொருளையும் உடம்புக்கு நேர் நடுவில் வையுங்கள்.

எறிவது வலது, எழுதுவது இடது என்று கலந்திருக்கும் பிள்ளைகளும் உண்டு. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. எழுத்துக்குப் பென்சில் எடுக்கும் கைதான் கணக்கு.

ஒரே ஒரு விஷயத்தைத் தள்ளிப்போட வேண்டாம். ஒன்றரை வயதுக்கு முன்பே குழந்தை ஒரு கையை மட்டும் பயன்படுத்தி மற்றதை அப்படியே விட்டுவிட்டால் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். அது கைப்பழக்கமாக இல்லாமல், மற்றக் கையின் பலவீனமாக இருக்கலாம்.

2. வீட்டுப் பெரியவர்களிடம் முன்கூட்டியே பேசுங்கள்

இதை ஏன் இரண்டாவது படியாக வைக்கிறேன் என்றால், மற்ற எல்லாப் படியையும் கெடுக்கக்கூடியது இதுதான். அம்மா இடது கையில் பழக்க, பாட்டி பென்சிலைப் பிடுங்கி வலது கையில் கொடுக்க, பிள்ளை எழுதுவதையே வெறுத்துவிடும்.

எந்தக் கை என்பதை மூளை தீர்மானிக்கிறது. கெட்ட பழக்கம் போல அதைத் திருத்திவிட முடியாது. வலுக்கட்டாயமாக மாற்றினால் கையெழுத்து மெதுவாகும், கை சீக்கிரம் அலுத்துப்போகும், பிள்ளை எழுத வேண்டிய இடத்திலெல்லாம் நழுவும். இதைப் பெரியவர்களிடம் பிள்ளை இல்லாத நேரத்தில் பொறுமையாகச் சொல்லுங்கள். பிள்ளைமுன் "பீச்சாங்கை" என்ற பேச்சே வேண்டாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.

விஜயதசமி அன்று நெல்லிலோ அரிசியிலோ ‘அ’ எழுதவைப்பார்கள். வலது கை ஆள்காட்டி விரலைப் பிடித்து எழுதுவதுதான் வழக்கம். பெரியவர்கள் விரும்பினால் அப்படியே நடக்கட்டும். அது ஒருநாள் சடங்கு, அதற்காகச் சண்டை போட வேண்டியதில்லை. மறுநாள் முதல் நடக்கும் எழுத்துப் பயிற்சி இடது கையில்தான் என்பதை மட்டும் அன்றைக்கே தெளிவாகப் பேசிவிடுங்கள்.

அடுத்தது சாப்பாடு. எழுதுவது இடது கையால், சாப்பிடுவது வலது கையால் என்று நம் ஊரில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். சோறு பிசைந்து சாப்பிடுவதற்குப் பென்சில் அளவு நுணுக்கம் வேண்டியதில்லை. சிறு வயதிலேயே அடிக்காமல் அதட்டாமல் பழக்கினால் பல பிள்ளைகளுக்கு அது வந்துவிடும். வராவிட்டால் விட்டுவிடுங்கள். இடது கையால் சாப்பிடும் பிள்ளைக்குக் கால் கழுவ வலது கையைப் பழக்கிவிட்டால் சுத்தம் பற்றிய கவலையும் தீர்ந்தது. என் கருத்தில், சாப்பாட்டையும் எழுத்தையும் ஒரே மாதத்தில் தொடங்கக் கூடாது. இரண்டும் ஒரே சண்டையாகிவிடும்.

3. வாங்க வேண்டியவை

பெரிய செலவில்லை. முக்கோணப் பென்சில் இரண்டு, செல்லோடேப், ஒரு ரப்பர் பேண்ட், மெல்லிய நோட்டு, கோடு போடாத வெள்ளைத்தாள், பச்சை ஸ்கெட்ச் பேனா. இடது கைக் கத்தரிக்கோலைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

ஸ்பைரல் நோட்டு வேண்டாம். அதன் கம்பி இடப்பக்கம் இருக்கும். பிள்ளையின் கை அதன்மேல்தான் உட்கார வேண்டியிருக்கும். மேலே கம்பி இருப்பதானால் பரவாயில்லை.

தடித்த 192 பக்க நோட்டும் தொடக்கத்தில் ஆகாது. வலப்பக்கத் தாளில் எழுதும்போது இடது கை நடு மடிப்பின் மேட்டில் ஏறி இறங்கும். நோட்டு மெல்லியதாக இருந்தால் மடித்துத் தட்டையாக வைக்கலாம்.

சிலேட்டு வாங்குவதாக இருந்தால் ஒன்றைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வலது கைப் பிள்ளை எழுதிய எழுத்தைவிட்டு விலகிப் போகிறது. இடது கைப் பிள்ளையின் கையோ எழுதிய எழுத்தின்மேலேயே நகர்கிறது. பலப்பத்தால் ‘அம்மா’ என்று எழுதி முடிப்பதற்குள் ‘அ’ பாதி அழிந்திருக்கும். பிள்ளை அழிந்ததைப் பார்த்துக் கையைத் தூக்கும், அங்கேயே கொக்கி தொடங்கும். சிலேட்டை மேசையில் கிடத்தாமல் சுவரில் மாட்டி எழுதவைத்தால் இந்தத் தொல்லை குறையும்.

4. உட்காரும் இடம்

வெளிச்சம் முன்னாலிருந்தோ வலப்பக்கத்திலிருந்தோ வர வேண்டும். இடப்பக்கம் ஜன்னல் இருந்தால் கையின் நிழல் எழுதும் இடத்திலேயே விழும். பிள்ளை குனிவதற்கு இது ஒரு காரணம், யாரும் கவனிப்பதில்லை.

நாற்காலி என்றால் இரண்டு பாதமும் தரையில் படவேண்டும். எட்டாவிட்டால் ஒரு மரப்பலகையைப் போடுங்கள். மேசை முழங்கை உயரத்துக்கு இருக்கட்டும். உயரமான மேசையில் தோளைத் தூக்கிக்கொண்டு எழுதினால் கை வளையத்தான் செய்யும்.

தரையில் சம்மணம் போட்டு எழுதும் வீடுகளில் சின்ன எழுதுமேசை ஒன்று அவசியம். தரையில் நோட்டை வைத்துக் குனிந்து எழுதும்போது உடம்பின் பாரத்தை ஒரு கை தாங்கும். தாளைப் பிடிக்க வேண்டிய வலது கை அதற்கே போய்விடும்.

மேசையில் இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். பாட புத்தகம், பென்சில் பாக்ஸ், தண்ணீர் பாட்டில் எல்லாம் வலப்பக்கம் போகட்டும்.

5. தாளை வைக்கும் விதம்

முழு வழிகாட்டியிலும் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள்.

தாளைப் பிள்ளையின் நெஞ்சுக்கு நேராக வைக்காமல் சற்று இடப்பக்கம் தள்ளி வையுங்கள். பிறகு கடிகார முள் சுற்றும் திசையில் தாளைத் திருப்புங்கள். மேல் விளிம்பு வலப்பக்கமாகச் சாய வேண்டும். 30 பாகையிலிருந்து 45 பாகை வரை சாயலாம். சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி: மேசைமேல் வைத்த இடது முன்கையும் தாளின் இடது ஓரமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். தாளின் கீழ் வலது மூலை பிள்ளையின் வயிற்றைக் காட்ட வேண்டும்.

இதற்குக் காரணம் இரண்டு. முதலாவது, இப்படி வைத்தால் கை எழுத்து வரிக்குக் கீழே இருக்கும். எழுதியது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும், கை அதன்மேல் உரசாது. எழுதியதைப் பார்க்கவும் அழியாமல் காக்கவும்தான் பிள்ளை மணிக்கட்டை வளைக்கிறது. அந்தத் தேவை போய்விட்டால் வளைவும் போய்விடும்.

இரண்டாவது காரணம் தள்ளுவதும் இழுப்பதும் பற்றியது. இடமிருந்து வலமாகக் கோடு போடும்போது வலது கை பென்சிலை இழுக்கிறது, இடது கை தள்ளுகிறது. தள்ளப்படும் பென்சிலின் கூர் தாளில் குத்தும். ‘ட’வின் அடிக்கோட்டில் தாள் கிழிந்திருக்கும் நோட்டுகளைப் பார்த்திருப்பீர்கள். தாளைச் சாய்த்துவிட்டால் வரி மேலிருந்து கீழாக, உடம்பை நோக்கி இறங்கி வருகிறது. தள்ளுவதில் பாதி இழுப்பதாக மாறிவிடுகிறது. கிழிசல் நிற்கும்.

சாய்வு பிள்ளைக்கு மறந்துபோகும். அதனால் சரியான நிலையில் தாளை வைத்து, அதன் மேல் விளிம்பையும் இடது விளிம்பையும் ஒட்டி மேசையில் செல்லோடேப் போட்டுவிடுங்கள். உட்காரும்போதெல்லாம் நோட்டை அந்த மூலையில் பொருத்தினால் போதும்.

வலது கைக்கும் வேலை உண்டு. அது தாளின் வலது ஓரத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வரி இறங்க இறங்கத் தாளை மேலே நகர்த்துவதும் அதுதான். பல பிள்ளைகள் தாளை அசைக்காமல் கையைக் கீழே கீழே கொண்டுவருவார்கள். பக்கத்தின் கடைசி வரிகளில் முன்கை மேசையைவிட்டே இறங்கிவிடும், அந்த வரிகள் மட்டும் கோணலாக இருக்கும். வரி முடிந்ததும் வலது கை தாளை ஒரு விரற்கடை மேலே தள்ள வேண்டும் என்பதைத் தனியாகவே பழக்குங்கள்.

இங்கே நடக்கும் பெரிய தவறு, வலது கைப் பிள்ளைக்குச் சாய்ப்பது போல எதிர்ப்பக்கம் சாய்த்துவிடுவது. அது நேராக வைப்பதைவிட மோசம். பள்ளியில் எல்லார் நோட்டும் ஒரே பக்கம் சாய்ந்திருக்க வேண்டும் என்று நினைக்கும் ஆசிரியர்களால் இது நடக்கிறது.

6. பென்சில் பிடி

கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பென்சிலைப் பிடிக்க, நடுவிரல் அடியில் தாங்கும். இதில் வலது கைக்கும் இடது கைக்கும் வேறுபாடில்லை. வேறுபாடு உயரத்தில் இருக்கிறது. இடது கைப் பிள்ளை கூரிலிருந்து சுமார் 3 செ.மீ. மேலே பிடிக்க வேண்டும். அதைவிடக் கீழே பிடித்தால் தன் விரலே எழுத்தை மறைக்கும், பிள்ளை தலையைச் சாய்த்து எட்டிப் பார்க்கும்.

அந்த இடத்தில் ரப்பர் பேண்டைச் சுற்றிவிடுங்கள். விரல்கள் அதற்கு மேலே இருக்க வேண்டும் என்பது மட்டும் விதி. பென்சிலின் வால் இடது தோளை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும்.

கற்றுக்கொடுப்பவர் வலது கைக்காரர் என்றால் பிள்ளைக்கு எதிரே உட்கார்ந்து காட்டுங்கள். உங்கள் வலது கை பிள்ளைக்குக் கண்ணாடியில் தெரிவது போல இருக்கும், அப்படியே பார்த்துச் செய்யும். செருப்பு வார் மாட்டவும் ஷூ லேஸ் கட்டவும்கூட இந்த வழி உதவும். ஆனால் எழுத்து வடிவத்தைக் காட்ட எதிரே உட்காரக் கூடாது, எழுத்து தலைகீழாகத் தெரியும். அதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

அழுத்தத்தைச் சோதிக்க, பிள்ளை எழுதிக்கொண்டிருக்கும்போது பென்சிலின் வாலை மெல்ல இழுத்துப் பாருங்கள். லேசாக வர வேண்டும். விரல் நுனி வெளுத்துப்போய், இழுத்தாலும் வரவில்லை என்றால் பிடி இறுக்கம். அப்போது "இறுக்காதே" என்று சொல்வதைவிடத் தாளின் சாய்வைத் திரும்பப் பாருங்கள். அநேகமாக அது நேராகத் திரும்பியிருக்கும்.

ஏற்கெனவே கொக்கிக் கையோடு எழுதிப் பழகிய பெரிய பிள்ளையை என்ன செய்வது? வலி இல்லை, வேகம் இருக்கிறது, எழுத்து புரிகிறது என்றால் விட்டுவிடுங்கள். ஆறாம் வகுப்பில் பிடியை மாற்றி, வேகத்தையும் இழந்து, பரீட்சையில் தவிக்க வைப்பது நியாயமில்லை. வலி இருந்தால் மட்டும், ஆண்டு விடுமுறையில், தாளின் சாய்வை மாற்றுவதிலிருந்து தொடங்கலாம்.

7. எழுத்துக்கு முன்னால் கோடு

முதலில் சுவரில் மாட்டிய பலகையில், நின்றுகொண்டு, பெரிது பெரிதாக. நின்று எழுதும்போது மணிக்கட்டு தானாகவே நேராக நிற்கும், கையை எதன்மேலும் ஊன்ற முடியாது. நிற்கும் இடம்தான் முக்கியம். எழுதும் இடத்துக்குச் சற்று வலப்பக்கம் நின்று, எழுத எழுத உடம்பும் வலப்பக்கம் நகர வேண்டும்.

நெடுக்குக் கோடு, சாய்கோடு, படுக்கைக் கோடு, வட்டம் என்ற வரிசையில் போங்கள். படுக்கைக் கோடு தள்ளும் கோடு என்பதால் அது பின்னால் வருவது நல்லது.

வட்டத்தில் ஒரு விஷயம். வலது கைப் பிள்ளைகள் பெரும்பாலும் கடிகாரத்துக்கு எதிர்ப்பக்கமாகச் சுற்றுவார்கள், இடது கைப் பிள்ளைகளுக்குக் கடிகாரப் பக்கமாகச் சுற்ற வரும். இரண்டு பக்கமும் சுற்றப் பழக்குங்கள். தமிழ் எழுத்துகளில் சுழி நிறைய இருப்பதால் இந்தப் பயிற்சியில் செலவிடும் நேரம் வீண் போகாது.

ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து நிமிடம் போதும். கை அலுத்த பிறகு எழுதவைத்தால் தப்பான பிடிதான் பழகும்.

8. தமிழ் எழுத்துகள்

ட, ப, ம என்று நேர்க்கோட்டு எழுத்துகளில் தொடங்குவது பழைய முறை. இடது கைப் பிள்ளைக்கும் அதுவே நல்ல தொடக்கம், ஒரு கவனத்தோடு. ‘ட’வும் ‘ப’வும் கீழிறங்கி, வலப்பக்கம் தள்ளிப் போகும் எழுத்துகள். இந்தத் தள்ளும் பகுதியில்தான் பிள்ளை பென்சிலை அழுத்தும். அங்கே வேகத்தைக் குறைக்காமல் லேசாக ஓடவிடச் சொல்லுங்கள். கோடு கொஞ்சம் வளைந்தாலும் பரவாயில்லை.

சில பிள்ளைகள் படுக்கைக் கோட்டை வலமிருந்து இடமாக இழுப்பார்கள். தனியாக நிற்கும் கோடு என்றால் திருத்த வேண்டாம். ஆங்கில ‘டி’யின் குறுக்குக் கோடும் ‘எச்’சின் நடுக்கோடும் எந்தப் பக்கமிருந்து வந்தால் என்ன? ஆனால் ‘ட’, ‘ப’ போலக் கோடு நிற்காமல் அடுத்த பகுதிக்கு ஓடும் எழுத்தில் இடமிருந்து வலம்தான். திசை மாறினால் நடுவில் பென்சிலை எடுத்து எடுத்து வைக்க வேண்டிவரும். பின்னால் வேகமாக எழுதும்போது எழுத்து உடையும்.

அடுத்து சுழி எழுத்துகள்: அ, இ, ன, ண. இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். பிள்ளை தன் கைக்கு எளிதான பக்கம் சுழியைச் சுற்றிவிடும். சுழி பார்க்கச் சரியாக இருக்கும், ஆனால் முடியும் இடம் மாறியிருக்கும். மூன்று சுழி ‘ண’வில் முதல் சுழி திசை மாறினால் அடுத்த சுழிக்குப் போக வழி இருக்காது. பிள்ளை பென்சிலைத் தூக்கித் தனித்தனி வட்டமாக ஒட்டவைக்கும். முடிந்த எழுத்தைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, எழுதும்போது கையைப் பார்க்க வேண்டும்.

தீர்வு எளிது. தொடங்கும் இடத்தில் பச்சைப் புள்ளி வையுங்கள். சுற்றும் பக்கத்துக்கு ஒரு சின்ன அம்புக்குறி போடுங்கள். முதலில் விரலால், பிறகு பென்சிலால்.

இன்னொரு தடை நோட்டின் அமைப்பு. கையெழுத்துப் பயிற்சி நோட்டுகளில் மாதிரி எழுத்து வரியின் இடது ஓரத்தில் அச்சிட்டிருக்கும். இடது கைப் பிள்ளை எழுதத் தொடங்கியதும் அது கைக்கு அடியில் மறைந்துவிடும். பிள்ளை தான் முன்பு எழுதிய எழுத்தைப் பார்த்து அடுத்ததை எழுதும், ஒவ்வொரு எழுத்திலும் வடிவம் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடும். மாதிரியை நீங்களே வலது ஓரத்திலும் ஒருமுறை எழுதிவைத்தால் போதும். இரட்டைக் கோடு நோட்டிலும் நாலு கோடு நோட்டிலும் இப்படியே செய்யலாம்.

9. எழுத்து கண்ணாடியில் தெரிவது போல வந்தால்

பயப்பட வேண்டாம். ஏழு வயது வரை இரண்டு கைப் பிள்ளைகளிடமும் இது உண்டு. இடது கைப் பிள்ளை சில சமயம் பக்கத்தின் வலது ஓரத்தில் தொடங்கி முழுப் பெயரையும் திருப்பி எழுதிவிடும். அது அந்தக் கைக்கு இயல்பான திசை.

வரியின் இடது ஓரத்தில் பச்சைப் புள்ளி வைத்து அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். திருப்பி எழுதியதற்காகச் சிவப்பு மையால் அடிக்க வேண்டாம், பக்கத்தில் நேராக ஒருமுறை எழுதிக் காட்டினால் போதும். எட்டு வயதைத் தாண்டியும் அடிக்கடி இப்படி வந்தால், வாசிப்பிலும் தடுமாற்றம் தெரிந்தால், சிறப்புக் கல்வி ஆசிரியர் ஒருவரிடம் காட்டுவது நல்லது.

10. பேனாவுக்கு மாறும்போது

சீக்கிரம் காயும் மை உள்ள பந்துமுனைப் பேனாவே முதலில் பொருந்தும். ஜெல் பேனா ஈரமாகவே இருக்கும், கை பட்டால் இழுக்கும். கடையில் வாங்கும்போது பிள்ளையை அழைத்துப் போய், அங்கேயே ஒரு வரி எழுதவைத்து, உடனே சுண்டுவிரல் பக்கத்தால் தேய்த்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

மைப்பேனாதான் வேண்டும் என்று பள்ளியில் சொன்னால் முனை உருண்டையான நிப் வாங்குங்கள். மெல்லிய கூர் நிப் தள்ளும்போது தாளில் சிக்கும். லாமி, பெலிக்கான் போன்ற நிறுவனங்கள் இடது கைக்கென்றே நிப் செய்கின்றன, ஆனால் விலை கூட. தாள் சரியாகச் சாய்ந்திருந்தால் சாதாரண நிப்பே போதும் என்பது என் அனுபவம்.

11. கத்தரிக்கோல், ஷார்ப்னர், ஸ்கேல்

கத்தரிக்கோலில் பலரும் ஏமாறுகிறார்கள். "இரண்டு கைக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதில் பெரும்பாலும் கைப்பிடி மட்டும்தான் பொது, அலகுகள் வலது கைக்கானவையே. கூர் உங்களுக்கு எதிர்ப்பக்கம் இருக்கும்படி பிடித்துப் பாருங்கள். வலப்பக்க அலகு மேலே இருந்தால் அது வலது கைக் கத்தரிக்கோல். இடப்பக்க அலகு மேலே இருந்தால்தான் இடது கைக்கானது.

இது ஏன் முக்கியம்? கையை மூடும்போது கட்டைவிரல் ஒருபக்கம் தள்ளும், மற்ற விரல்கள் எதிர்ப்பக்கம் இழுக்கும். சரியான கையில் இந்த விசை இரண்டு அலகையும் ஒன்றோடொன்று சேர்த்து அழுத்தும். மாற்றுக் கையில் அலகுகளைப் பிரித்துவிடும். தாள் வெட்டுப்படாமல் நடுவில் மடிந்து சிக்கும். அதோடு மேல் அலகு வெட்டும் கோட்டையும் மறைக்கும். பிள்ளைக்குக் கைத்திறன் இல்லை என்று எல்லாரும் முடிவு கட்டுவது இந்த இடத்தில்தான்.

வட்டம் வெட்டும்போது இடது கைப் பிள்ளை கடிகாரப் பக்கமாகச் சுற்றி வெட்டட்டும். வலது கை தாளைத் திருப்பிக் கொடுக்கும்.

ஷார்ப்னருக்குத் தனிப் பொருள் வாங்கத் தேவையில்லை. இடது கையால் பென்சிலைத் திருகும்போது அது எதிர்ப்பக்கம் சுற்றுகிறது, பிளேடு பிடிக்காது. பென்சிலை இடது கையில் அசையாமல் பிடித்துக்கொண்டு, வலது கையால் ஷார்ப்னரைத் திருகச் சொல்லுங்கள். சரியாகச் சீவும்.

ஸ்கேலில் கோடு போடும்போது வலது கை நடுவில் அழுத்த, இடது கை வலமிருந்து இடமாக இழுக்கட்டும். அளவெடுக்கும்போது மட்டும் முதலில் இரண்டு புள்ளி வைத்துக்கொண்டு பிறகு கோட்டை இழுக்க வேண்டும். இல்லாவிட்டால் கை எண்களை மறைத்துவிடும்.

12. பள்ளியில் பேச வேண்டியவை

கல்வியாண்டின் முதல் வாரமே வகுப்பாசிரியரைப் பாருங்கள். நூறு பேரில் ஏறத்தாழப் பத்துப் பேர் இடது கைக்காரர்கள். அதனால் இது அவருக்குப் புதிதாக இருக்காது. கேட்க வேண்டியது இரண்டே விஷயம்தான்.

ஒன்று, கரும்பலகையைப் பார்த்து உட்கார்ந்தால் பெஞ்சின் இடது ஓரத்து இடம் பிள்ளைக்கு வேண்டும். நடுவில் உட்கார்ந்தால் இடது முழங்கை பக்கத்துப் பிள்ளையின் வலது முழங்கையோடு மோதும். இருவர் எழுத்தும் கெடும், சண்டை வரும், திட்டு இடது கைப் பிள்ளைக்கு விழும். வகுப்பில் இன்னொரு இடது கைப் பிள்ளை இருந்தால் இருவரையும் சேர்த்து உட்காரவைக்கலாம்.

இரண்டு, நோட்டைச் சாய்த்து எழுத அனுமதி. வீட்டில் செல்லோடேப் ஒட்டிய மேசையை ஒரு புகைப்படம் எடுத்துக் காட்டிவிடுங்கள். சொல்லிப் புரியவைப்பதைவிட அது விரைவாக வேலை செய்யும்.

பிள்ளைக்கும் ஒரு வரியைச் சொல்லிக்கொடுங்கள்: "மிஸ், நான் இடது கை, எனக்கு ஓரத்து இடம் வேணும்." நீங்கள் இல்லாத இடத்தில் மாற்று ஆசிரியர் வந்தால் அதுவே கேட்டுக்கொள்ளும்.

13. தேர்வு அறை

கல்லூரியிலும் போட்டித் தேர்வு மையங்களிலும் எழுதும் பலகை வைத்த நாற்காலி போடுவார்கள். பலகை வலப்பக்கம்தான் இருக்கும். இடது கைக்காரர் உடம்பை முழுக்கத் திருப்பி, முழங்கையை அந்தரத்தில் வைத்து மூன்று மணி நேரம் எழுத வேண்டியிருக்கும்.

சற்று முன்னதாகப் போய்க் கண்காணிப்பாளரிடம் மேசையோ இடப்பக்கப் பலகை நாற்காலியோ கேளுங்கள். இல்லை என்றால், பக்கத்தில் காலி நாற்காலி இருந்தால் அதை இடப்பக்கமாக ஒட்டிப் போட்டு அதன் பலகையில் எழுத அனுமதி கேட்கலாம். அதுவும் முடியாத இடத்துக்காகப் பெரிய பரீட்சை அட்டை ஒன்றைக் கையில் வைத்திருங்கள். அட்டையை மடியில் ஊன்றி, பலகைமேல் சாய்த்து வைத்தால் இடது முன்கைக்கு ஓரளவு தாங்கல் கிடைக்கும். வீட்டில் அப்படி ஒரு முழுத் தேர்வு எழுதிப் பழகிவிட்டுப் போவது நல்லது.

டிஎன்பிஎஸ்சி போன்ற தேர்வுகளின் ஓஎம்ஆர் தாளில் இன்னொரு சிக்கல் வரும். கேள்வி எண் வட்டங்களுக்கு இடப்பக்கம் அச்சாகியிருப்பதால் இடது கை அதை மறைக்கும், ஒரு வரி தள்ளி நிரப்பிவிடும் ஆபத்து உண்டு. விடைத்தாளை இடப்பக்கமும் வினாத்தாளை வலப்பக்கமும் வைத்துக்கொள்ளுங்கள். வலது கை ஆள்காட்டி விரலைக் கேள்வி எண்மேல் வைத்த பிறகே பேனாவைக் கொண்டுபோக வேண்டும். ஒவ்வொரு பத்துக் கேள்விக்கும் ஒருமுறை கையை முழுதாக எடுத்துவிட்டு எண்ணைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.